ஜல்லி உடைக்க வந்த இருவர்: கூர்பேயின் ஓவியம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1849-ஆம் ஆண்டின் பிற்பகுதி. பிரான்சின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஃபிராஞ்ச்-கோந்தே வட்டாரத்தில் ஓர்னான் என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்து வளர்ந்து, பாரிசில் அப்போதுதான் பெயர் எடுக்கத் தொடங்கியிருந்த குஸ்தாவ் கூர்பே, வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சாந்-தெனி மாளிகைப் பக்கம் நிலக்காட்சி ஒன்று வரையப் போய்க்கொண்டிருந்தார். மெசியேர் கிராமத்துக்கு அருகே சாலையோரத்தில் இரண்டு பேர் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தினார். வறுமை இவ்வளவு முழுசாக ஒரே இடத்தில் கண்ணில் படுவது அபூர்வம் என்று தோன்றியதாம். மறுநாள் தன் ஓவியக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டு நகர்ந்தார். நவம்பர் 26 அன்று பிரான்சிஸ் வே என்ற எழுத்தாளருக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே சொல்கிறார்.

அந்த இருவரையும் வைத்து வரைந்த படம்தான் ‘கல் உடைப்பவர்கள்’. உயரம் 5 அடிக்கு மேல், அகலம் 8 அடிக்கு மேல். 19-ஆம் நூற்றாண்டு யதார்த்த ஓவியம் பற்றிப் பேசும் எந்தப் புத்தகத்திலும் முதல் சில பக்கங்களுக்குள் வந்துவிடும். ஆனால் அசல் படம் இன்று உலகில் எங்கும் இல்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இந்தப் படத்தில் ஒரு கேள்வி உண்டு. உடல் பலம் கேட்கிற வேலை. அதற்கு ஏன் ஒரு கிழவரும் ஒரு பையனும்? முப்பது, நாற்பது வயது ஆள் ஒருவர்கூட ஏன் இல்லை?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், இது ஓர் உருவகம் என்பது. பையன் வளர்ந்து கிழவராவான், கிழவரும் ஒருகாலத்தில் இந்தப் பையன்தான். வறுமைக்கு இடைவேளை கிடையாது. கூர்பேயே இந்தப் பொருளில் கடிதத்தில் எழுதியிருப்பதால் யாரும் மேற்கொண்டு தோண்டுவதில்லை. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. சாலை வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்தால், இந்த இரண்டு வயதுகளும் அந்தச் சாலையோரத்தில் வந்து சேர்ந்ததற்கு வேறு காரணம் தெரிகிறது.

படத்தில் இருப்பவை

முதலில் படம். வலப்பக்கம் கிழவர். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, இரண்டு கைகளாலும் நீளக் காம்பு போட்ட சுத்தியலை ஓங்கியிருக்கிறார். வைக்கோல் தொப்பியின் நிழல் விழுந்து கண்கள் தெரியவில்லை. இடப்பக்கம் பையன், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உடைத்த கல் நிரம்பிய கூடையைத் தொடையில் முட்டுக்கொடுத்துத் தூக்குகிறான். அவன் முகமும் தெரியாது. பின்னால் கரும்பச்சையாக ஒரு மேட்டின் சரிவு ஏறக்குறைய படம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. வலது மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் வானம். அந்தப் பக்கமாகவே ஒரு சமையல் பானை, ஒரு கரண்டி, ஒரு துண்டு ரொட்டி. மதியச் சாப்பாடு.

துணிமணிகளை கூர்பே கவனித்த விதம் தனி. ஷான்ஃப்ளோரி என்ற எழுத்தாள நண்பருக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதத்தையும் சேர்த்துப் படித்தால், ஒரு தையல்காரர் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார் என்று தெரியும். கிழவரின் முழங்காலுக்கு அடியில் வைக்கோல் மெத்தை ஒன்று இருக்கிறது. கால்சட்டை முரட்டுத் துணி. கழற்றி வைத்தால் தானாகவே நிற்கும் என்கிறார். அதில் பெரிய ஒட்டு. மேலே கோடு போட்ட கையில்லாச் சட்டை. அதன் பையில் செம்பு வளையம் போட்ட கொம்புப் பொடிடப்பா. மரக்காலணி விரிசல் விட்டிருக்கிறது. நீலமாக இருந்த காலுறை தேய்ந்து குதிகால் வெளியே தெரிகிறது. பையனுக்கு ஏறத்தாழ 15 வயது, தலையில் படை நோய் பிடித்தவன். சட்டை என்று சொல்லமுடியாத கந்தல். கால்சட்டையை ஒற்றைத் தோள்வார் தாங்கியிருக்கிறது. காலில் அப்பாவின் பழைய காலணி, எல்லாப் பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு.

பொடிடப்பாவும் அப்பாவின் காலணியும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ‘ஏழை’ என்ற பொதுச் சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வரைபவர் இவற்றைப் போடமாட்டார். கிழவருக்குப் பொடி போடும் பழக்கம் உண்டு. அந்த டப்பாவை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். பையனுக்கு ஓர் அப்பா இருந்திருக்கிறார். அவர் காலணி தேய்கிற அளவுக்கு உழைத்திருக்கிறார்.

ஏன் கல்? ஏன் இவர்கள்?

ஜல்லி போட்டு இறுக்கிய சாலை ஐரோப்பாவில் பரவிய காலம் அது. பிரான்சில் திரெசாகே என்ற பொறியாளர் 18-ஆம் நூற்றாண்டிலேயே உடைகல் சாலைகளை வகுத்திருந்தார். 1816-ல் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மக்காடம் அதை இன்னும் எளிமையாக்கினார். அடியில் பெரிய பாறைகள் வேண்டாம். ஒரே அளவில் உடைத்த சிறு கற்களைப் பரப்பினால் வண்டிச் சக்கரமே அவற்றை இறுக்கிவிடும் என்றார். மேல் அடுக்குக்கான கல் 6 அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. 1830-களில் இந்த முறை பிரான்சிலும் காலூன்றியது.

மக்காடம் சொன்னதில் நம் கேள்விக்கான பதில் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதற்கு முன்பு, நின்றபடி கனமான சம்மட்டியால் கல்லை உடைத்தார்கள். அதற்கு வாட்டசாட்டமான ஆள் வேண்டும். மக்காடம் அந்த ஆட்களை உட்காரவைத்து, கையில் சிறிய சுத்தியலைக் கொடுத்தார். உட்கார்ந்து உடைத்தால் பெண்கள், முதியவர்கள், சிறுவர்கள் எல்லாரும் செய்யலாம், செலவு குறையும் என்பது அவரே சொன்ன லாபம். ஆக, இந்த வேலை பலமில்லாதவர்களிடம் தற்செயலாகப் போய்ச் சேரவில்லை. பலமில்லாதவர்களை வைத்து முடிக்கும்படியாகத்தான் வேலையையே திருத்தி அமைத்தார்கள். வயல் வேலைக்கும் கொத்து வேலைக்கும் யாரும் கூப்பிடாதவர்கள் வந்து சேரும் இடமாகச் சாலையோரம் ஆனது.

அப்புறம் சட்டம். 1836 மே 21 அன்று பிரான்சில் கிராமச் சாலைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. பணம் போதாத ஊராட்சிகள், 18 முதல் 60 வயதுவரை உள்ள திடமான ஆண்களிடமிருந்து ஆண்டுக்கு 3 நாள் உழைப்பைச் சாலைக்காகக் கேட்டு வாங்கலாம். உழைக்க விரும்பாதவர் ஈடாகப் பணம் கட்டலாம். வசதியுள்ளவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுத் தங்கள் சொந்த வேலையைப் பார்ப்பார்கள். அந்தப் பணம் யாரோ ஒரு கூலிக்காரருக்குப் போகும்.

இப்போது படத்தைத் திரும்பப் பாருங்கள். கூர்பே கிழவருக்கு 70 வயது என்கிறார். பையனுக்கு 15. சட்டம் போட்ட 18, 60 என்ற இரண்டு கோடுகளுக்கும் இருவருமே வெளியே நிற்கிறார்கள். ஊருக்கு அவர்கள் கடன்பட்டது ஒன்றுமில்லை. கூலிக்காக வந்தவர்கள், அவ்வளவுதான். ‘வாழ்க்கையின் இரு முனைகள்’ என்று நாம் உருவகமாகப் படிப்பது, சாலைத் துறையின் கணக்கில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு வகை ஆட்கள். கூர்பே அந்த ஜோடியைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. நான் எதையும் கட்டிச் சொல்லவில்லை, உலாவப் போகும்போது தினமும் இவர்களைப் பார்க்கிறேன் என்று ஷான்ஃப்ளோரிக்கு எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன். உருவகம் பொய் என்று சொல்ல வரவில்லை. தெருவிலேயே தயாராகக் கிடந்த உருவகம் அது.

ஓவியக்கூடத்தில்

இங்கே ஒரு நெருடல் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. படத்தில் நல்ல வெயில். கூர்பேயும் கொளுத்தும் வெயிலில், திறந்த வெளியில், சாலையோரப் பள்ளத்தில் நடப்பதாகத்தான் எழுதுகிறார். ஆனால் படம் வரையப்பட்டது ஓர்னானில் அமைத்துக்கொண்ட கூடத்தில், குளிர்காலம் நெருங்கும்போது. கிழவர் அங்கே வந்து சுத்தியலை ஓங்கியபடி மண்டியிட்டுக் காட்டியிருக்கிறார். பையன் கூடையைத் தூக்கியபடி நின்று காட்டியிருக்கிறான். சாலையில் செய்த வேலையைக் கூடத்தில் நடித்துக் காட்டினார்கள்.

அதனால்தான் இருவருக்கும் இடையில் ஒரு வெட்டு தெரிகிறது. ஒரே வேலையைச் செய்யும் இருவர் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஒருவர் அசைவு மற்றவரிடம் போய்ச் சேரவில்லை. தனித்தனியாக வரைந்து ஒட்டிய மாதிரி விறைப்பு. அந்தக் கால விமர்சகர்கள் கூர்பேயின் உருவங்களை மரக்கட்டை என்று கேலி செய்ததில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் கல் உடைப்பில் அந்த விறைப்பு பொருந்திப்போகிறது என்பது என் கட்சி. நாள் முழுக்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும். கிழவரைப் பற்றி கூர்பே எழுதும்போதே, தேய்ந்து விறைத்துப்போன பழைய இயந்திரம் என்கிறார்.

இன்னொன்று: கூர்பே இவர்களில் ஒருவர் அல்ல. அப்பா ஃபிளாஜே கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர். மகன் வண்டியில் வந்தவர். அந்தத் தூரம் படத்தில் இருக்கிறது. முகங்களை மறைத்தது அந்தத் தூரத்தை அவர் ஒப்புக்கொண்ட விதம் என்று எனக்குப் படுகிறது. கெஞ்சும் கண்ணோ, பார்வையாளரைப் பார்த்துச் சிரிக்கும் குடியானவரோ வேண்டுமென்றால் அன்றைய சந்தையில் ஏராளமாகக் கிடைத்தன.

சலோனுக்குள் எப்படி நுழைந்தது

பாரிஸ் சலோன் என்பது அரசு நடத்திய ஓவியக் கண்காட்சி. அதன் தேர்வுக்குழுவைத் தாண்டுவது சாதாரண விஷயமில்லை. கூர்பேக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தது. 1849 சலோனில் அவருடைய ‘ஓர்னானில் விருந்துக்குப் பின்’ படத்துக்கு இரண்டாம் தரத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அரசே படத்தை வாங்கி லில் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. பதக்கம் வாங்கியவர் அடுத்த முறை தேர்வுக்குழு முன்னால் நிற்க வேண்டியதில்லை என்பது விதி. 1850 டிசம்பர் கடைசியில் திறந்த சலோனுக்கு அவர் அனுப்பிய படங்கள் நேராகச் சுவருக்குப் போயின: ‘கல் உடைப்பவர்கள்’, 20 அடிக்கு மேல் நீளமான ‘ஓர்னானில் ஒரு சவ அடக்கம்’, ‘ஃபிளாஜே விவசாயிகள்’, இன்னும் சில. பதக்கம் மட்டும் இல்லாவிட்டால் இவற்றில் எத்தனை உள்ளே போயிருக்கும் என்பது சந்தேகம்தான்.

அளவுதான் பலரை உறுத்தியது. உழைப்பாளிகளை வரைவது புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் லெ நேன் சகோதரர்கள் குடியானவர்களை வரைந்திருக்கிறார்கள். ஆனால் அவை வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுப் படங்கள். 8 அடி அகலம் என்பது புராண வீரர்களுக்கும் புனிதர்களுக்கும் போர்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். அதில் ஒட்டுப்போட்ட கால்சட்டை வந்து உட்கார்ந்தது.

காலமும் சரியில்லை. 1848 புரட்சிக்குப் பிறகு வேலையில்லாதவர்களுக்காக பாரிசில் தேசியப் பணிக்கூடங்கள் திறக்கப்பட்டன. மண் வெட்டுவதும் தரை சமன்செய்வதும் அங்கே பெரும்பாலான வேலை. அந்த ஜூன் மாதம் அவற்றை மூட உத்தரவு வந்ததும் தொழிலாளர்கள் தடுப்பரண் எழுப்பினார்கள், ராணுவம் நசுக்கியது. இந்தப் படம் பாரிசுக்குப் போகும் முன்பு ஓர்னானிலும், 1850 மே மாதம் பெசான்சோன் நகரிலும், பிறகு தீஜோனிலும் காட்டப்பட்டது. அதே மே மாதக் கடைசியில், ஒரே இடத்தில் 3 ஆண்டு குடியிருந்ததை நிரூபிக்க முடியாதவர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சுமார் 30 லட்சம் பேர் பட்டியலிலிருந்து போனார்கள், பெரும்பாலும் வேலை தேடி ஊர் ஊராகச் செல்பவர்கள். சாலையோரக் கூலிகளை இவ்வளவு பெரிதாக வரைந்தால், அதில் ஒன்றுமே எழுதாவிட்டாலும் அரசியல்தான்.

1851 நவம்பரில் ஒரு பத்திரிகையாளர் தன்னை ‘சோஷலிச ஓவியர்’ என்று எழுதியதற்கு கூர்பே பதில் கடிதம் போட்டார். அந்தப் பட்டத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வதாகவும், ஜனநாயகவாதி, குடியரசுவாதி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தான் யதார்த்தவாதி என்றும் எழுதினார். கூர்பேக்கு வீம்பு ஒருபோதும் குறைவில்லை.

புரூதோனும் ஓர் இயந்திரமும்

படத்தைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் பியேர்-ஜோசஃப் புரூதோன். பெசான்சோன்காரர், சிந்தனையாளர், கூர்பேயின் நண்பர். அவர் இறந்தபின் 1865-ல் வெளிவந்த கலை பற்றிய நூலில் இரண்டு விஷயங்கள் சொல்கிறார். ஒன்று, படத்தைப் பார்த்த கிராமத்து ஆட்கள் சிலர் அதைத் தங்கள் மாதா கோயில் பீடத்தில் வைக்க ஆசைப்பட்டார்கள் என்பது. நல்ல கதை, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அவரவர் விருப்பம். மற்றது கூர்மையானது: உழவும் விதைக்கவும் அறுக்கவும் அற்புதமான இயந்திரங்களைக் கண்டுபிடிக்கும் இந்த நாகரிகம், இப்படிப்பட்ட முரட்டு வேலையிலிருந்து மனிதனை விடுவிக்க முடியாமல் நிற்கிறதே, அதைத்தான் படம் கிண்டல் செய்கிறது என்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், புரூதோனின் நூல் வெளிவரும் முன்பே அந்த இயந்திரம் வந்துவிட்டது. அமெரிக்காவின் நியூ ஹேவன் பக்கம் ஜல்லிச் சாலை போடும் பொறுப்பில் இருந்த எலி விட்னி பிளேக், கையால் உடைப்பது எவ்வளவு மந்தமாக நடக்கிறது என்று பார்த்து, இரண்டு இரும்புத் தாடைகளுக்கு இடையில் கல்லை நொறுக்கும் இயந்திரத்தை உருவாக்கி 1858-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைய கிரஷர்களிலும் அந்தத் தாடை இருக்கிறது. ஆனாலும் ஐரோப்பியச் சாலையோரங்களில் சுத்தியல் பல பத்தாண்டுகளுக்கு நீடித்தது. 1880-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் சூரா என்ற பிரெஞ்சு ஓவியரும் சிறு மரப்பலகைகளில் கல் உடைப்பவர்களை வரைந்துகொண்டிருந்தார். இயந்திரம் இருப்பது வேறு, அதை வாங்குவது கிழவருக்கும் பையனுக்கும் கொடுக்கும் கூலியைவிட லாபம் என்று கணக்குப் போடுபவருக்குத் தோன்றுவது வேறு. புரூதோன் நாகரிகத்தைக் குறைசொன்னார். கூலிக் கணக்கைப் பார்த்திருந்தால் இன்னும் நேராகச் சொல்லியிருக்கலாம்.

இங்கிலாந்தில் இதே வேலை

1858-ல் லண்டன் ராயல் அகாதெமி கண்காட்சியில் இதே வேலையைப் பற்றி இரண்டு படங்கள் தொங்கின. கூர்பேயோடு வைத்துப் பார்க்க இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது.

ஜான் பிரெட்டின் படத்தில் சிவந்த கன்னங்களோடு ஒரு சிறுவன். பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி அவன் தொப்பியோடு விளையாடுகிறது. பட்ட மரத்தில் ஒரு குருவி. பின்னால் சர்ரே மாவட்டத்தின் பாக்ஸ் ஹில் வெயிலில் மின்னுகிறது. லண்டன் 23 மைல் என்று மைல்கல் சொல்கிறது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் இந்தப் படத்தைத் தாராளமாகப் புகழ்ந்தார், முக்கியமாகச் செடிகொடிகளையும் குன்றையும். சிறுவன் செய்யும் வேலை பற்றி அவருக்கு அவ்வளவு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கல்லும் துல்லியம், ஆனால் அந்தச் சிறுவன் அதை உடைத்துக் களைத்ததாக நம்ப முடியவில்லை.

ஹென்றி வாலிசின் படம் நேர்மாறு. அந்தி மங்கிக்கொண்டிருக்கிறது. கல் குவியலில் சாய்ந்தபடி ஒரு கூலி, கையிலிருந்து சுத்தியல் நழுவியிருக்கிறது. தூங்குகிறார் என்றே முதலில் தோன்றும். காலடியில் கீரியைப் போன்ற ஒரு சிறு பிராணி பயமில்லாமல் ஏறி நிற்பதைக் கவனித்த பிறகுதான் ஆள் இறந்துவிட்டார் என்று புரியும். 1834-ன் ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு, உதவி கேட்டு வருபவர்களுக்குக் கல் உடைக்கும் வேலை கொடுப்பது இங்கிலாந்தில் வழக்கமாகியிருந்தது. அதன்மீதான கோபம் படத்தில் இருக்கிறது. எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் வரிகளோடுதான் அதைக் காட்சிக்கு வைத்தார்கள்.

வாலிசின் படம் என்னை உலுக்குகிறது, மறுக்கமாட்டேன். ஆனால் உழைப்பைக் காட்ட உழைப்பவரைச் சாகடிக்க வேண்டியிருந்தது என்பது அதன் பலவீனம். இறந்தவருக்காகப் பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். கூர்பேயின் கிழவர் சாகவில்லை. நாளைக்கும் வருவார். பானையில் சாப்பாடு இருக்கிறது, டப்பாவில் பொடி இருக்கிறது. அவரை என்ன செய்வது என்று பார்வையாளருக்குத் தெரியாது. அதனால்தான் 1851-ன் பாரிஸ்காரர்களுக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது என்று நினைக்கிறேன்.

படம் போன விதம்

1904-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஓவியக்கூடம் படத்தை வாங்கியது. 1945 பிப்ரவரியில் அந்நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, வேறு இடத்துக்குக் கொண்டுபோவதற்காக வாகனத்தில் ஏற்றியிருந்த 150-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் சாம்பலாயின. ‘கல் உடைப்பவர்கள்’ அவற்றில் ஒன்று. இன்று நாம் பார்ப்பதெல்லாம் அதற்கு முன் எடுத்த புகைப்படங்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் ஆஸ்கர் ரைன்ஹார்ட் சேகரிப்பில் சிறிய வடிவம் ஒன்று இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தின் வாதமே அதன் அளவு என்பதால் அது போதாது.

நிறம் பற்றி உறுதியாகப் பேசுவதும் கஷ்டம். இணையத்தில் ஒரு பிரதி பழுப்பாக இருக்கும், இன்னொன்று பச்சையாக இருக்கும். காலுறை நீலம் என்பதற்குப் புகைப்படத்தைவிடக் கடிதமே நம்பகமான சாட்சி. வண்ணத்தைக் கத்தியால் அப்பி, மண்ணையும் பாறையையும் தொட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும்படி செய்வது கூர்பேயின் கைப்பழக்கம். ஜல்லிக்கற்களை அவர் அப்படித்தான் வரைந்திருப்பார் என்று ஊகிக்கலாம். அந்தக் கையை நேரில் பார்க்க விரும்புபவர்கள் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அதே சலோனில் தொங்கிய ‘சவ அடக்கம்’ அங்கேதான் இருக்கிறது, அதே ஊர், அதே காலம், அதே கை. எட்ட நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, கிட்டப் போய் வெட்டிய குழியின் ஓரத்து மண்ணைப் பாருங்கள்.